கடை ஆடிய மதியம்

அன்றைக்கு நான் அந்த ஊருக்குப் போனது ஒரு சாக்கடையைப் பற்றி எழுதுவதற்காக. மலேசியாவில், பத்து பகாட் நகரில் இருந்துகொண்டு ஒரு தமிழ் நாளிதழுக்கு வட்டாரச் செய்திகள் அனுப்பி வந்தேன். அரை மணி நேரத் தொலைவில், ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது அந்த மீன்பிடி ஊர். கடைவரிசைக்குப் பின்னால் சாக்கடை மூன்று வாரமாக அடைத்துக் கிடக்கிறது என்று அங்கே உணவகம் நடத்தும் ஒருவர் போனில் குறைப்பட்டிருந்தார். நான் போய்ச் சாக்கடையை மூன்று கோணங்களில் படம் எடுத்தேன். பிறகு அவர் கடையில் உட்கார்ந்து நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீர் குடித்தேன். அந்தச் செய்தி கடைசிவரை வெளியாகவில்லை.

ஊர் பழையது. பாய்மரக் கப்பல்கள் கொட்டைப்பாக்கும் கொப்பரையும் ஏற்றிய காலத்துக் கருங்கல் படிகள் படகுத்துறையில் இன்னும் இருக்கின்றன. கடல் வற்றும்போது ஏழு படிகள் தெரியும், ஏறும்போது இரண்டு. கடைவரிசையின் ஒரு முனையில் சீனக் கோவில். மறு முனையில், ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த வியாபாரிகள் கட்டிய சின்னத் தொழுகைக்கூடம். அந்த வியாபாரிகளில் ஒருவரின் பேரன்தான் உணவகக்காரர். அவருக்குப் பக்கத்துக் கடையில் ஒரு சீன அம்மாள் கருவாடும் நெத்திலியும் விற்றார். அவர் கணவருக்குச் சொந்தமாக ஒரு மீன்பிடிப் படகு உண்டு. முப்பது வருடமாக அடுத்தடுத்த கடை. அந்த அம்மாளுக்குத் தமிழில் சுமார் நாற்பது சொற்கள் தெரியும், பெரும்பாலும் சாப்பாடு சம்பந்தப்பட்டவை.

பதினொன்றே கால் மணிக்குக் கடல் பக்கமிருந்து ஊதல் சத்தம் வந்தது. நீளமாக மூன்று முறை.

கருவாட்டுக்கடை அம்மாள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து நேராக உணவகத்தின் சமையல்கட்டுக்குள் போய் ஒரு சட்டியில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தார்.

“மூணு ஊதல்னா ஆள் கிடைச்சிருக்கு. உயிரோட,” என்றார் உணவகக்காரர்.

அன்று காலை ஏழு மணிவாக்கில் ஒரு இழுவைப் படகு மணல் ஏற்றிய மிதவையை இழுத்துக்கொண்டு போகும்போது கவிழ்ந்துவிட்டது. ஆறு பேர் இருந்தார்கள். ஐந்து பேரை அந்த வழியாக வந்த கப்பல் ஒன்று தூக்கிக்கொண்டது. ஆறாவது ஆளைக் காணவில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது நான் பார்த்தது, அம்மாளின் கணவர் படகைப் படியில் அணைத்ததையும், அதிலிருந்து இறங்கிய ஓர் இளைஞரையும்தான். வயது இருபத்தெட்டு இருக்கலாம். ஆரஞ்சு நிற மிதவை அங்கி. வெறுங்கால். இரண்டு கைகளாலும் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மை மார்போடு அணைத்திருந்தார். அதைப் பிடித்துக்கொண்டுதான் நான்கு மணி நேரம் மிதந்திருக்கிறார். இப்போது கை அதை விட மறுத்தது.

ஒரு படி ஏறினார். நின்றார். மறுபடியும் ஒரு படி. பிறகு படியிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார்.

“தரை ஆடுது,” என்றார் தமிழில்.

“அலமாக், நம்ம ஆளு!” என்று உணவகக்காரர் ஓடினார். அவருக்கு முன்னால் அம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டார். போன வேகத்தில் இளைஞரின் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினார்.

“பேசாதே. சாப்பிடு. அப்புறம் பேசு.”

அந்தப் படகுத்துறையில் இது சட்டம். கடலிலிருந்து தப்பி வந்தவர் ஒரு கிண்ணம் மீ சுவா நூடல்ஸும் இரண்டு அவித்த முட்டையும் சாப்பிட்டு முடிக்கும்வரை பேசக் கூடாது, மற்றவர்கள் கேள்வி கேட்கவும் கூடாது. முன்னதாகப் பேசினால் கடல் அந்தக் குரலை அடையாளம் வைத்துக்கொண்டு மறுபடியும் கூப்பிடுமாம். சீனக் குடும்பங்கள் ஆரம்பித்த வழக்கம், இன்று எல்லோருக்கும் பொது. ‘தரை ஆடுது’ என்ற இரண்டு சொற்கள் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டன. அம்மாள் யோசித்து, இரண்டு சொல்லை வைத்துக் கடலால் ஒன்றும் செய்ய முடியாது என்று தீர்ப்பளித்தார்.

உணவகத்தில் அவரை உட்கார வைத்தார்கள். டிரம்முக்கும் ஒரு நாற்காலி. உணவகக்காரர் ஒரு கைலி கொடுத்தார். மேலே போட, கோவிலின் சிங்க ஆட்டக் குழுவுக்கு அடித்த சிவப்பு டி-சட்டை ஒன்று வந்தது. நெஞ்சு முழுக்க வாயைப் பிளந்த சிங்கம். கோழி தன் கடைக் கோழிதானா, சட்டி தன் சட்டிதானா, எண்ணெய் எங்கிருந்து வந்தது, எல்லாம் ஹலால்தானா என்று உணவகக்காரர் மூன்று முறை சமையல்கட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எல்லாம் அவருடையதுதான். கிண்ணம் வந்தது.

மீ சுவா ஆயுசுக்கான நூடல்ஸ். நூல் மாதிரி மெல்லியது, மிக நீளமானது. அதைக் கடிக்கக் கூடாது. கடித்தால் ஆயுசைக் கடித்த மாதிரி. ஒரு இழையை எடுத்தால் அது முடியும்வரை உறிஞ்ச வேண்டும். இளைஞர் அதைச் சாப்பிட்ட விதத்தை நான் நேரம் பார்த்துக் குறித்திருக்கிறேன்: முதல் இழைக்கு நாற்பது நொடிகள்.

இரண்டாவது இழைக்குப் பிறகு அவர் தன் வெறும் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார்.

“வாட்ச் போச்சாம்,” என்றார் உணவகக்காரர் வருத்தத்துடன். “போனா போகுது தம்பி. உசிரு வந்துச்சுல்ல.”

இளைஞர் தலையை வேகமாக ஆட்டினார். வாயில் நூடல்ஸ் தொங்கியது. சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தோம்.

“அது பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டு,” என்றார் உணவகக்காரர். “தொழுகைக்கு லேட்டாகக் கூடாதுன்னு வெச்சிருக்கேன்.”

“சாப்பிடு லா, தம்பி,” என்றார் அம்மாள்.

அதற்குள் காவல் நிலையத்திலிருந்து ஒரு மலாய்க் கார்ப்பரல் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார், கிண்ணத்தைப் பார்த்தார், இன்னும் முக்கால்வாசி இருப்பதைக் கவனித்தார், நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டுத் தே தாரிக் கேட்டார். அவர் அந்த ஊரிலேயே பிறந்தவர். ஆள் கிடைத்துவிட்ட தகவலை வாக்கி-டாக்கியில் சொல்லிவிட்டதாகவும், அது இனி மேலே போய், பிறகு பக்கவாட்டில் போய், பிறகு கீழே இறங்கி, சிங்கப்பூரில் இருக்கும் கப்பல் கம்பெனிக்குப் போய்ச் சேரும் என்றும் மலாயில் விளக்கினார். எப்போது என்று கேட்டேன். கையை அகல விரித்தார்.

பன்னிரண்டு ஐந்துக்கு, சரியான கணக்கில், இரண்டாவது முட்டை உள்ளே போனது. அம்மாள் குனிந்து கிண்ணத்தின் அடியைச் சோதித்தார். தலையசைத்தார்.

“என் தங்கச்சிக்கு இன்னைக்கு நிக்காஹ்!” என்று கத்தினார் இளைஞர். “மணி பதினொண்ணுக்கு! ஊர்ல! நான்தான் வலி, நான்தான் பொண்ணக் குடுக்கணும்!”

 கடையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஊரில் பதினொன்று என்றால் இங்கே ஒன்றரை. இன்னும் எண்பத்தைந்து நிமிடங்கள். அதில் ஐம்பது நிமிடத்தை நாங்கள் ஏற்கெனவே நூடல்ஸுக்குக் கொடுத்திருந்தோம்.

அவருக்கு ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு சின்ன ஊர். வாப்பா இறந்துவிட்டார். ஒரே தங்கை, ஒரே அண்ணன். பெண்ணை நிக்காஹ் செய்து கொடுக்கும் உரிமை, அதாவது வலி என்ற பொறுப்பு, அண்ணனுடையது. படகு காலையில் ஜொகூர் துறைமுகத்துக்கு வந்திருக்க வேண்டும். கரையில் இறங்கியதும் வீடியோவில் கூப்பிட்டு, நிக்காஹ் ஓதும் ஹஜ்ரத்திடம் ‘என் சார்பாக நீங்கள் செய்து வையுங்கள்’ என்று வாய்ச்சொல் கொடுப்பதாக ஏற்பாடு.

“நான் கூப்பிடலேன்னா எங்க சாச்சா வலியா உக்காந்துருவாரு. வாப்பாவோட தம்பி. அவருக்கும் உரிமை இருக்கு, தப்பு சொல்ல முடியாது. ஆனா அவரு உக்காந்துட்டா நான் இல்லேன்னு ஆயிரும் மாமா. உசிரோட இருக்கேன், ஆனா தங்கச்சி கல்யாணத்துல நான் இல்லாதவன். அதுக்குள்ள கம்பெனிக்காரன் வேற வீட்டுக்கு அடிச்சு ஆளக் காணோம்னு சொல்லிட்டான்னா பந்தலே எழவு வீடாயிரும்.”

“நம்பரச் சொல்லு!” உணவகக்காரர் போனை எடுத்தார்.

இளைஞர் கடல் பக்கம் கைகாட்டினார். உம்மாவின் எண் அங்கே போன போனில் இருந்தது. தங்கையின் எண் போனில் இருந்தது. மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அவருடைய சொந்த எண்.

“அதையாச்சும் சொல்லு.”

சொன்னார். உணவகக்காரர் உண்மையாகவே அந்த எண்ணை அழுத்திக் காதில் வைத்தார்.

“எடுக்க மாட்டேங்குறாங்க,” என்றார்.

கார்ப்பரலுக்கு விஷயத்தை மலாயில் சொன்னேன். கடலுக்கு அடியில் கிடக்கும் போனுக்கா அடிக்கிறார் என்று கேட்டு, குடித்த தேநீர் மூக்கில் ஏற, மேசையில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். இளைஞரும் சிரித்தார். அவருக்கு அன்று எல்லாமே சிரிப்பாக இருந்தது. பயந்தாலும் சிரிப்புத்தான் வந்தது. உட்கார்ந்திருக்கும்போதே இடமும் வலமும் லேசாக ஆடிக்கொண்டிருந்தார். நான்கு மணி நேரத்து அலை உடம்பிலிருந்து இன்னும் இறங்கவில்லை.

உணவகக்காரர் பிறகு செய்ததுதான் சரியான வேலை. ஜொகூர் பாருவில் தனக்குத் தெரிந்த ஒரு கடைக்கு அடித்தார். அங்கே ரொட்டி சானாய் போடுகிறவர் அதே கடற்கரைக்காரர். உணவகக்காரர் விஷயத்தைச் சொல்லும்போது ஸ்பீக்கரில் மாவை அறையும் சத்தம் கேட்டது.

“எந்த ஊரு, மாமா?”

இளைஞர் ஊரைச் சொன்னார். தெருவைச் சொன்னார்.

“இன்னைக்கு நிக்காஹா? வாப்பா இல்லாத பிள்ளைக்கா? அட, எங்க மச்சான்தான் அங்க பிரியாணி ஆக்குறாரு! காலைல சட்டிய போட்டோ எடுத்து அனுப்பிச்சாரே!”

கடையில் கைதட்டல் எழுந்தது. அம்மாளுக்கு நான் விளக்கி முடிப்பதற்குள் அவரும் தட்டினார்.

சமையல்காரரின் எண்ணுக்கு அடித்தபோது மணி பன்னிரண்டு நாற்பது. எடுக்கவில்லை. நாற்பத்தைந்து, எடுக்கவில்லை. ஐம்பத்திரண்டுக்கு எடுத்தார்.

“சொல்லுங்க, வேலையா இருக்கேன்.”

உணவகக்காரர் ஒரே மூச்சில் சொன்னார்: மலேசியாவிலிருந்து பேசுகிறேன், பொண்ணோட அண்ணன் என் பக்கத்தில் இருக்கிறார், போனைத் தொலைத்துவிட்டார், உடனே ஹஜ்ரத்கிட்ட கொடுங்க. கடல், படகு எதையும் சொல்லவில்லை.

“பந்தல் அந்தப் பக்கம்ல இருக்கு. நான் தம் போட்டுருக்கேன். இன்னும் இருபத்தஞ்சு நிமிசம் சட்டிய விட்டு நகர மாட்டேன்.”

“நீங்க போக வேணாம், யாருகிட்டயாச்சும் குடுத்து விடுங்க.”

“என் போனையா? கல்யாண வீட்லயா?”

உணவகக்காரர் எங்களைப் பார்த்தார். முப்பது வருடமாகச் சமையல் தொழிலில் இருப்பவர். “நியாயம்தான்,” என்றார். “தம் போட்டுட்டா நகர முடியாது.” அம்மாளுக்கு மொழிபெயர்த்தேன். அவரும் ஆமோதித்தார். மூடியைத் திறந்தால் எல்லாம் கெட்டுவிடும், காத்திரு என்று கையால் இளைஞரை அமர்த்தினார். ஐம்பது நிமிடம் மீ சுவாவுக்காகக் காத்திருந்த கடையில், இருபத்தைந்து நிமிடம் பிரியாணிக்காகக் காத்திருப்பதில் யாருக்கும் தவறு தெரியவில்லை. இளைஞர் மட்டும் டிரம்மை மடியில் வைத்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

போன் இணைப்பிலேயே இருந்தது. சமையல்காரர் அடுப்படியிலிருந்தே தெரிந்ததையெல்லாம் சொன்னார்.

“மாப்பிள்ளை வந்தாச்சு... ஹஜ்ரத் உக்காந்துட்டாரு... ஒங்க சாச்சா எந்திரிச்சு தொப்பிய சரி பண்றாரு... உம்மாகிட்ட யாரோ பேசுறாங்க, நேரமாச்சு, தம்பிய காணோம், சாச்சாவே உக்காரட்டும்னு... உம்மா அசையல. ‘என் மகன் கூப்பிடுவான்’னு சொல்லுது. அதையேதான் சொல்லுது. வாசப்படில உக்காந்திருக்கு, போன மடில வெச்சுக்கிட்டு.”

இளைஞரின் தாளம் நின்றது.

ஒன்று பதினெட்டுக்குச் சமையல்காரர் பெருமூச்சு விட்டு, “சட்டி தயார்,” என்றார். நடக்க ஆரம்பித்தார். வீடியோவைத் தட்டினார். திரையில் ஒரு வேட்டி, ஒரு பந்தல் கால், கூரை, பிறகு வெள்ளைத் தொப்பிகள்.

இங்கே அவசரமாகக் காட்சி அமைத்தோம். இளைஞருக்கு உணவகக்காரர் தன் தொப்பியைக் கழற்றி மாட்டினார். போனைப் பிடிக்க நிதானமான கை வேண்டும் என்று கார்ப்பரலைத் தேர்ந்தெடுத்தார்கள். டிரம்மைக் கால் நீட்டி மறைத்தார்கள். நிக்காஹ் முடியும்வரை படகு கவிழ்ந்த கதையை யாரும் எடுக்கக் கூடாது என்று முடிவானது.

திரையில் முதலில் வந்தது சாச்சா. நீளத் தாடி, கூர்ந்த பார்வை.

“எங்கடா போய்த் தொலைஞ்ச? அது என்ன சட்டையில சிங்கம்?”

“கம்பெனி யூனிஃபார்ம், சாச்சா.”

“ஏன்டா இப்படி ஆடுற? எதாச்சும் குடிச்சிருக்கியா?”

 இளைஞர் மேசை விளிம்பைப் பிடித்து ஆட்டத்தை நிறுத்தப் பார்த்தார். நிறுத்த நிறுத்த அதிகமானது.

“கப்பல்ல இருக்கேன், சாச்சா. கப்பல் ஆடுது.”

உணவகக்காரர் கார்ப்பரலின் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல ஒரு பக்கம் சாய்த்தார். கார்ப்பரலுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் படகில் வளர்ந்தவர். உடனே புரிந்துகொண்டார். வெறுமனே இடமும் வலமும் ஆட்டவில்லை. தென்மேற்குக் காற்றில் அலை எப்படி வருமோ அப்படி, முன்னால் தூக்கி, பக்கவாட்டில் சரித்து, கொஞ்சம் நிறுத்திப் பிறகு இறக்கினார். அம்மாள் கல்லாவுக்கு மேலே தொங்கிய வாழைத்தாரைத் தள்ளிவிட்டார். அது ஊசலாடியது. பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்த எட்டுப் பேர் தட்டோடு ஒரே பக்கமாகச் சாய்ந்தார்கள், பிறகு மறுபக்கம். செய்தியாளர் செய்தியில் கலந்துகொள்ளக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். நானும் சாய்ந்தேன்.

“பெரிய கப்பல் போல,” என்றார் சாச்சா, பின்னால் இருந்த மீன் குழம்புத் தட்டுகளைப் பார்த்து.

“ஆமா, சாச்சா. கேன்டீன்.”

போன் ஹஜ்ரத்தின் கைக்குப் போனது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மணமகன் பெயரைச் சொல்லி, உங்கள் தங்கையை இவருக்கு நிக்காஹ் செய்து கொடுக்க என்னை உங்கள் சார்பில் நியமிக்கிறீர்களா என்று கேட்டார்.

“நியமிக்கிறேன், ஹஜ்ரத்.”

அந்தச் சொற்களைச் சொல்லும்போது மட்டும் அவர் ஆடவில்லை. நான் கவனித்தேன். தோள் நேராக இருந்தது. ஆடியது நாங்கள்தான்.

சற்று நேரத்தில் மணமகன் சம்மதம் சொல்வது கேட்டது. பந்தலில் எழுந்த வாழ்த்துச் சத்தம் போனுக்குள் அடங்காமல் கரகரத்தது. எங்கள் பக்கம் உணவகக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே எல்லோருக்கும் ரோஜா சிரப் விட்டுப் பால் கலக்கச் சொன்னார். அம்மாள் இளைஞரின் கன்னத்தைக் கிள்ளினார். “முட்டை நல்ல முட்டை,” என்றார் தமிழில்.

பிறகு திரையில் ஒரு வெள்ளைத் துப்பட்டி வந்தது. உம்மா.  மகனை உச்சி முதல், திரையில் தெரிந்தவரை, பார்த்தார். உப்புக் காய்ந்து வெளுத்திருந்த புருவத்தை, சிவந்த கண்களை, அந்தச் சிங்கத்தை. நெடுநேரம் பார்த்தார்.

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன், உம்மா. நூடல்ஸ், ரெண்டு முட்டை.”

“யாரு குடுத்தா?”

அவர் அம்மாளைக் கைகாட்டினார். கார்ப்பரல் போனை அந்தப் பக்கம் திருப்பினார், அலையோடு. உம்மா அந்த முகத்தையும் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார். அம்மாளும் தாழ்த்தினார்.

“சரி. ஓய்வா படு,” என்றார் உம்மா. “காதுக்குள்ள தண்ணி நின்னா சாஞ்சு படு, தானா வடிஞ்சுரும். அப்புறம் அந்தக் கம்பெனி ஆபீசுக்காரருக்கு ஒரு போன் அடிச்சுச் சொல்லிரு. காலைல என்கிட்ட விசயத்தச் சொல்லும்போது பாவம், ரொம்பப் பயந்து போய்ப் பேசினாரு.”

இளைஞர் மேசை விளிம்பை விட்டுவிட்டார். உணவகக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பின்மேசையில் யாரோ கரண்டியைக் கீழே வைத்தார்கள். வாழைத்தாரை அம்மாள் பிடித்து நிறுத்தினார்.

கார்ப்பரல் மட்டும், தமிழ் தெரியாதவர், போனை இன்னும் அலையில் ஆட்டிக்கொண்டிருந்தார்.